காது கொடுத்துப் பார்த்த படங்கள்

சமீபத்தில் என்னென்ன படங்கள் பார்த்தீர்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, பழைய படங்களை இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க முடிகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பதிலையும் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள்: "முடியவில்லை, ரொம்ப மெதுவாகப் போகிறது." என் பதில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அதற்கு என் ரசனையைவிட என் ஹெட்போன்தான் காரணம்.

இரண்டு மாதங்களாக நான் படம் பார்ப்பதெல்லாம் இரவில், வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு. சத்தம் வெளியே போகக் கூடாது என்பதால் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறேன். திரையரங்கில் இருமலோடும் பேச்சோடும் கலந்து வரும் ஒலி இங்கே நேராக மண்டைக்குள் இறங்குகிறது. நாற்காலி நகர்வது, நடிகர் மூச்சை இழுத்துப் பிடிப்பது, வயலின்கள் எந்த நொடியில் உள்ளே நுழைகின்றன என்பது எல்லாமே தெரிந்துவிடுகிறது. அப்படிப் பார்த்த ஒன்பது பத்துப் படங்களில் எனக்குத் தட்டுப்பட்டது இதுதான்: ஒரு படத்தில் முதலில் கிழடு தட்டுவது பின்னணி இசை. கறுப்பு வெள்ளையைக் கண் ஐந்து நிமிடத்தில் ஏற்றுக்கொள்கிறது. மிகையான நடிப்பைக்கூட அந்தக் கால வழக்கம் என்று மன்னித்துவிடலாம். "இப்போது அழு, இப்போது பயப்படு" என்று தோளைப் பிடித்து உலுக்குகிற இசையை மட்டும் மன்னிக்க முடிவதில்லை. கூலிக்கு மாரடிக்கிற இசை, படம் வந்த ஆண்டிலேயே பாதி செத்துவிடுகிறது.

ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'எம்' என்ற ஜெர்மன் படத்திலிருந்து தொடங்குகிறேன். 1931இல் வந்தது, லாங்கின் முதல் பேசும் படம். பேசும் படம் வந்த புதிதில் கிடைத்த இடத்திலெல்லாம் பாட்டையும் வசனத்தையும் திணித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இந்த மனிதர் பின்னணி இசையே இல்லாமல் ஒரு படம் எடுத்திருக்கிறார். சில இடங்களில் எந்த ஒலியும் கிடையாது. குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் போலீஸ் தேடுகிறது. போலீஸ் கெடுபிடியால் பிழைப்புக் கெட்டுப்போன திருடர்களும் தேடுகிறார்கள். கதை அவ்வளவுதான்.

முதல் பத்து நிமிடத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பள்ளியிலிருந்து வரவேண்டிய மகளுக்காக ஒரு தாய் மேஜையில் தட்டு எடுத்து வைக்கிறாள். தெருவில் சிறுமி பந்தைத் தட்டிக்கொண்டே வருகிறாள். கொலைகாரனைப் பற்றித் துப்புக் கொடுப்பவருக்குப் பரிசு என்று ஒரு சுவரொட்டி. அதன் மேல் பந்தை அடிக்கிறாள். சுவரொட்டியில் ஒரு நிழல் விழுகிறது. கண் தெரியாத பலூன்காரரிடம் யாரோ அவளுக்குப் பலூன் வாங்கித் தருகிறான். வீட்டில் நேரம் ஆகிறது. தாய் எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிறாள், "எல்ஸி..." குரல் கேட்கிறது, திரையில் ஆளில்லாத மாடிப்படி. மறுபடி குரல், துணி காயும் வெற்று மேல்மாடம். மறுபடி, யாரும் தொடாத தட்டு, காலி நாற்காலி. அப்புறம் குரலும் நின்றுவிடுகிறது. புதருக்குள்ளிருந்து பந்து உருண்டு வந்து ஓய்கிறது. பலூன் மேலே கம்பிகளில் சிக்கித் தவித்துவிட்டுப் பறந்துபோகிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு வயலின் இல்லை. மூன்றாவது முறையாகப் பார்த்தும் அந்தப் பந்து நின்ற இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

கொலைகாரனுக்கு ஒரு பழக்கம் உண்டு: எட்வர்ட் கிரீக் என்ற நார்வே இசையமைப்பாளரின் ஒரு மெட்டை விசிலடிப்பது. அந்த வேடத்தில் நடித்த பீட்டர் லோரேக்கு விசிலடிக்க வராது. படத்தில் கேட்பது லாங்கின் விசில் என்பார்கள். கடைசியில் அவனை அடையாளம் காண்பவர் அந்தக் கண் தெரியாத பலூன்காரர்தான். முகத்தைப் பார்த்தவர்களால் முடியாததை அவர் காதால் செய்துவிடுகிறார். இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் போலீஸ் எப்படித் துப்புத் துலக்குகிறது என்று விளக்கும் பகுதி எனக்கும் இழுவையாகவே பட்டது. மெதுவாகப் போகிறது என்ற புகார் அந்த அரை மணி நேரத்துக்கு நியாயமானது.

அதே வாரத்தில் ஒரு புதிய திகில் படமும் பார்த்தேன், பெயர் வேண்டாம். கதவைத் திறக்கிறார்கள், "டமார்". பார்த்தால் பூனை. திரும்புகிறார்கள், "டமார்". பார்த்தால் கணவன். பாதிப் படத்துக்கு மேல் ஒலியை முக்கால்வாசி குறைத்துவிட்டேன். பயமும் முக்கால்வாசி போய்விட்டது. காதருகே ஒரு தட்டைப் போட்டு உடைத்தால் யாருக்கும்தான் தூக்கிவாரிப் போடும். அதற்கு எதற்கு ஒரு இயக்குநர்?

அந்த எரிச்சலில்தான் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தைத் தேடி எடுத்தேன். 1963. வழக்கமான பின்னணி இசை ஒரு துளியும் இல்லாத படம். பறவைச் சத்தங்களில் பலவற்றை டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உண்டாக்கியிருக்கிறார்கள். நாயகி பள்ளிக்கூடத்துக்கு வெளியே உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். உள்ளே குழந்தைகள் முடிவில்லாத ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் விளையாட்டுக் கம்பிகளில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. பிறகு இன்னொன்று. அவள் வானத்தில் போகும் ஒரு காகத்தைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே திரும்புகிறாள். கம்பிகள் முழுக்கக் காகங்கள். பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. பறவைகள் பாய்ந்து தாக்கும் காட்சிகளில் தந்திரக் காட்சியின் தையல் இன்று நன்றாகவே தெரிகிறது. காத்திருக்கும் காட்சியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

தமிழில் 'அந்த நாள்' படத்தை மறுபடி பார்த்தேன். 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வந்தது. பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரியாகப் படித்துவிட்டு, படத்தைப் பார்க்காமலே விட்டவர்கள் நிறையப் பேர். 1943இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாளை ஒட்டிய கதை. ரேடியோ பொறியாளராக வரும் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் ஒவ்வொருவராக இன்னொருவர் பக்கம் கையைக் காட்டிக் கதை சொல்ல, ஜாவர் சீதாராமன் துப்புத் துலக்குகிறார். நட்சத்திர நடிகர் தேசத்துரோகியாக வருகிறார், நாயகனைப் படத்தின் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகிறார்கள், பாட்டும் இல்லை. இந்த மூன்றில் ஒன்றைச் செய்யவே இன்றைக்கும் ஒரு தயாரிப்பாளருக்கு வயிற்றைக் கலக்கும்.

எனக்கு இதில் தீராத வியப்பு, இதை இயக்கியவர் யார் என்பதில்தான். எஸ். பாலசந்தர். பின்னாளில் 'வீணை' என்ற சொல்லையே பெயருக்கு முன்னொட்டாக வைத்துக்கொண்ட அதே பாலசந்தர். இசையே மூச்சாக இருந்த ஒருவருக்குத்தான் இந்தப் படத்தில் பாட்டுக்கு இடமில்லை என்று சொல்லும் தெம்பு இருந்திருக்கிறது. வசனங்கள் மேடைத்தனமாக நீளும் இடங்கள் உண்டு. பண்டரிபாயின் சில பேச்சுகள் சொற்பொழிவுக்குப் பக்கத்தில் போய்விடுகின்றன. ஆனால் கதை ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், பாட்டு இருந்திருந்தால் அது எந்தெந்த இடங்களில் முட்டுக்கட்டை போட்டிருக்கும் என்று நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி ஒரு ஜோடி. அகிரா குரோசவாவின் 'இகிரு' (1952), அதைத் தழுவி ஆலிவர் ஹெர்மானுஸ் இயக்கிய 'லிவிங்' (2022). இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். அப்படிப் பார்த்திருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது, புதிய படத்துக்கு அநியாயம் செய்துவிட்டேன் என்று. முப்பது ஆண்டுகளாகக் கோப்புகளில் முத்திரை குத்தியே காலம் தள்ளிய ஒரு அதிகாரிக்கு வயிற்றுப் புற்றுநோய். சாவதற்குள் உருப்படியாக ஒரு காரியம் செய்ய நினைக்கிறார்: குழந்தைகளுக்கு ஒரு பூங்கா.

நோய் தெரிந்த பிறகு, தகாஷி ஷிமுரா நடித்த வாதனாபே மருத்துவமனையை விட்டு வெளியே வருகிறார். தெருவில் நடக்கிறார். சத்தமே இல்லை. ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று நான் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். சாலையைக் கடக்கக் கால் எடுத்து வைக்கும்போது ஒரு லாரி அவரை உரசுவதுபோல் பாய்ந்து போகிறது. அந்த நொடியில் தெருவின் மொத்த இரைச்சலும் திரும்பி வருகிறது. அதுவரை நாம் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய காது. "அவர் உடைந்துபோனார்" என்று சொல்ல ஒரு இசைக்குழுவை உட்கார வைத்திருக்கலாம். குரோசவா ஒலிப்பட்டையை வெட்டினார், அவ்வளவுதான்.

இன்னொரு காட்சி. பூங்கா கட்டலாம் என்ற எண்ணம் ஒரு காபிக் கடையில் அவருக்குத் தோன்றுகிறது. எழுந்து அவசரமாகப் படியிறங்குகிறார். எதிரே மாடியிலிருந்து ஒரு இளைஞர் கூட்டம் பிறந்தநாள் வாழ்த்துப் பாடுகிறது. அவருக்கு அல்ல, கீழிருந்து ஏறி வரும் ஒரு பெண்ணுக்கு. பாட்டு அவர் தலைக்கு மேலே போகிறது. நமக்கு அது அவருக்கான பாட்டாகக் கேட்கிறது. இசையமைப்பாளர் போட்ட இசையாக இருந்தால் இதை மலிவு என்று சொல்லியிருப்பேன். கதைக்குள் யாரோ யாருக்கோ பாடுவதால் வாய் அடைத்துப் போகிறது.

'லிவிங்' மோசமான படம் இல்லை. கசுவோ இஷிகுரோவின் திரைக்கதை, பில் நை எலும்பும் தோலுமாக, குரலைத் தொண்டைக்கு மேல் வரவிடாமல் நடித்திருக்கிறார். இருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது நியாயமே. 143 நிமிடப் படத்தை 102 நிமிடமாகச் சுருக்கியிருக்கிறார்கள். சுருக்கியதில் அடிபட்டது இழவு வீடு. 'இகிரு'வில் நாயகர் படம் மூன்றில் இரண்டு பங்கு போனதுமே இறந்துவிடுகிறார். மிச்சமெல்லாம் துக்கத்துக்கு வந்த அதிகாரிகள் குடித்துக்கொண்டு, பூங்கா கட்டிய பெருமையைத் தங்களுக்குள் பங்கு போட்டு, கடைசியில் அழுது, நாங்களும் மாறுவோம் என்று சத்தியம் செய்வது. மறுநாள் அலுவலகத்தில் யாரும் மாறவில்லை. கசப்பான, நீளமான, வேண்டுமென்றே சலிப்பூட்டும் பகுதி அது. படத்தின் முதுகெலும்பும் அதுதான். புதிய படம் அதை ரயில் பெட்டிப் பேச்சாக அளந்து கொடுத்துவிட்டு, அழகான பியானோவையும் வயலினையும் மேலே போர்த்திவிடுகிறது. இரண்டிலும் நாயகர் பனியில் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுகிறார். ஷிமுரா பாடும்போது முதுகெலும்பில் குளிர் ஏறியது. நை பாடும்போது நான் அழுதேன். எது உயர்ந்தது என்று கேட்டால் அழுததைச் சொல்ல மாட்டேன்.

பின்னணி இசை மீது எனக்குப் பகை என்று இதற்குள் நினைத்திருப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்துக்கு ரவிசங்கர் ஏறக்குறைய 11 மணி நேரம் நீண்ட ஒரே அமர்வில் இசை அமைத்துக் கொடுத்தார். பல மாதம் கழித்து வீடு திரும்பும் தந்தை, குடும்பத்துக்கு வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகள் துர்காவுக்கு வாங்கிய புடவையை நீட்டுகிறார். துர்கா இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது. மனைவி சர்பஜயா புடவையை வாயில் கடித்துக்கொண்டு உடைந்து அழுகிறாள். அவள் வாய் திறக்கிறது, குரல் வரவில்லை. அந்த இடத்தில் தார்ஷெனாய் என்ற வாத்தியம் உச்சத்தில் கதறுகிறது. அழுகைக்குக் கீழே இசையைப் போடவில்லை ராய். அழுகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இசையை வைத்திருக்கிறார். ஹெட்போனில் அந்தக் காட்சியைப் பார்ப்பது உசிதம் இல்லை என்று எச்சரிக்கிறேன்.

'ஓப்பன்ஹைமர்' (2023) படத்தைத் திரையரங்கில் பார்த்தபோது அசந்துபோயிருந்தேன். வீட்டில் பார்த்தபோது முதல் ஒரு மணி நேரம் மூச்சு முட்டியது. இரண்டு பேர் அறையில் உட்கார்ந்து பேசினாலும் கீழே இசை ஓடிக்கொண்டே இருக்கிறது, யாரோ பின்னாலிருந்து துரத்துவது மாதிரி. இசையமைத்த லுட்விக் யோரன்சனுக்கு அதற்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். நான் யார் மறுக்க. என்றாலும் மூன்று மணி நேரப் படத்தில் என் நினைவில் நிற்பது அணுகுண்டுச் சோதனை. வெளிச்சம் வருகிறது, தீ எழுகிறது, ஒலி வரவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. ஒளிக்குப் பின்னால்தான் ஒலி வரும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். அதை இவ்வளவு நேரம் காத்திருந்து கொடுத்த இயக்குநர், மற்ற இடங்களிலும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்.

அதே ஆண்டு வந்த 'தி ஜோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாஜிகள் யூதர்களைக் கொன்று எரித்த ஆஷ்விட்ஸ் முகாமின் தளபதி குடும்பத்தோடு முகாமின் மதிலை ஒட்டி வாழ்கிறான். இயக்குநர் ஜானதன் கிளேசர் கேமராவை மதிலுக்கு அந்தப் பக்கம் அநேகமாகக் கொண்டுபோவதே இல்லை. நாம் தோட்டத்தைப் பார்க்கிறோம். துப்பாக்கிச் சத்தத்தையும் அலறலையும் உலையின் உறுமலையும் தூரத்தில் கேட்கிறோம். தளபதியின் மாமியார் விருந்துக்கு வருகிறாள், மகளின் செல்வாக்கைப் பார்த்துப் பூரிக்கிறாள். இரவில் தூக்கம் வரவில்லை. ஜன்னலில் சிவப்பு வெளிச்சம், அந்தச் சத்தம். காலையில் ஆளைக் காணவில்லை. ஒரு கடிதம் இருக்கிறது. மகள் படித்துவிட்டு அடுப்பில் போடுகிறாள். கடிதத்தில் என்ன என்று நமக்குச் சொல்வதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், நாற்பது நிமிடத்துக்குப் பிறகு நானும் அந்தச் சத்தத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டேன். அந்த மாமியாரின் காது எனக்கு இல்லை என்று தெரிந்தது. சிறந்த ஒலிக்கான ஆஸ்கரும் இந்தப் படத்துக்குத்தான்.

'மெய்யழகன்' (2024) எனக்குப் பிடித்தது. தன்மேல் அன்பைக் கொட்டுகிறவனின் பெயர் நினைவில்லாமல் ஒருவன் இரவெல்லாம் திண்டாடுவது போன்ற சின்ன விஷயத்தை நம்பி இவ்வளவு பெரிய படம் எடுக்கத் தைரியம் வேண்டும். வெளியான பிறகு நீளம் என்ற புகாரால் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். என்னைக் கேட்டால் காட்சிகளில் கை வைக்காமல், அரவிந்த் சாமியின் கண் கலங்கும்போதெல்லாம் கூடவே கலங்குகிற இசையில் 18 நிமிடத்தை எடுத்திருக்கலாம். அவர் முகம் போதுமானதாக இருந்தது.

கடைசியாக 'கொட்டுக்காளி' (2024). பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது, பின்னணி இசையே இல்லை. வேறொருவனை விரும்புகிறாள் என்பதற்காக மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவு செய்து, அவளைக் கட்டிக்கொள்ளவேண்டிய பாண்டியும் குடும்பமும் ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிள்களிலும் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். மீனாவாக வரும் அன்னா பென்னுக்குப் படம் முழுக்கப் பேச்சு அநேகமாகக் கிடையாது. பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சுண்ணாம்பு தடவிய தொண்டையிலிருந்து ஒவ்வொரு சொல்லும் கீறிக்கொண்டு வருகிறது. ஒருத்தி பேச மறுக்கிறாள், இன்னொருவனால் பேச முடியவில்லை. நடுவில் ஆட்டோ எஞ்சின் இரைகிறது.

வழியில் ஒரு விசேஷ வீட்டு ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. மீனாவின் உதடு லேசாக அசைகிறது. தன்னை மறந்து கூடவே முணுமுணுக்கிறாள். பாண்டி அதைப் பார்த்துவிடுகிறான். அதற்குப் பிறகு விழும் அடி அவளோடு நிற்கவில்லை. தடுக்க வந்த பெண்களுக்கும் விழுகிறது. இசையே இல்லாத படத்தில் இசை வெளியிலிருந்து வந்த ஒரு நிமிடம், அவள் வாயைத் திறந்த ஒரே இடமும் கிட்டத்தட்ட அதுதான். பாட்டுகளால் நிறைந்த நம் சினிமாவில் ஒரு பாட்டுக்கு இவ்வளவு விலை வைத்த இன்னொரு காட்சி எனக்கு நினைவில்லை.

முடிவைப் பற்றி நண்பர் ஒருவரோடு பெரிய சண்டை. தங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது, முன்னால் இன்னொரு பெண்ணுக்கு நடக்கும் சடங்கைப் பாண்டி பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் என்ன செய்தான் என்று சொல்லாமலே படம் முடிகிறது. "காசு கொடுத்தவனை ஏமாற்றிவிட்டார்கள்" என்றார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதுவரை அடுத்தவர் பேசுவதற்கு முன்பே கை ஓங்கியவன், முதல்முறையாக நின்று பார்க்கிறான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். 'எம்', முதல் பத்து நிமிடம். பந்து நின்ற பிறகும் மெதுவாகப் போகிறது என்று தோன்றினால் தாராளமாக நிறுத்திவிட்டு, 'அந்த நாள்' பக்கம் போங்கள். அதில் துப்பாக்கி முதலிலேயே வெடித்துவிடும்.